ஒன்பது நிமிடக் காதல்

நேற்று ராத்திரி தூக்கம் வராமல் பழைய ஹாலிவுட் நடிகை கிரேட்டா கார்போவிடம் போய் மாட்டிக்கொண்டேன். 1928இல் எம்ஜிஎம் ஸ்டுடியோ எடுத்த 'தி டிவைன் வுமன்' என்ற ஊமைப்படம். படம் என்று சொல்வதே தப்பு, மிஞ்சியிருப்பது ஒரே ஒரு ரீல், சுமார் ஒன்பது நிமிடம், அதுவும் மாஸ்கோ ஆவணக் காப்பகத்தில் கிடைத்தது என்பதால் நடுவே வரும் வசன அட்டைகள் எல்லாம் ரஷ்ய மொழி. ஒரு எழுத்து புரியவில்லை. தேவையும் படவில்லை! படைவீரன் லூசியன் கிளம்பியாக வேண்டும், மரியானுக்கு அவனை விட மனசில்லை, அவ்வளவுதான் விஷயம், ஆனால் கார்போ அவனைக் கட்டிக்கொள்ளும்போது நமக்கே 'இருந்துட்டுப் போயேன்டா' என்று சொல்லத் தோன்றுகிறது.

இயக்குநர் விக்டர் ஸ்யோஸ்ட்ரோம், நாயகன் லார்ஸ் ஹான்சன், கார்போ, மூவருமே சுவீடன்காரர்கள். ஹாலிவுட்டில் உட்கார்ந்து பாரிஸ் கதை எடுத்திருக்கிறார்கள்.

பேசும் படம் வந்ததும் ஊமைப்படச் சுருள்களை யார் மதித்தார்கள்? அந்தக் காலத்துச் சுருள் நைட்ரேட் என்ற ரசாயனத்தில் செய்த பிலிம் வேறு, சும்மா வைத்தாலே மக்கும், பற்றிக்கொண்டால் தண்ணீருக்குள்ளும் எரியும்.

கதைச் சுருக்கத்தைத் தேடிப் படித்தேன். அப்புறம் அவளுக்காக ஓர் உடையைத் திருடி ஜெயிலுக்குப் போகிறானாம் லூசியன். சரி, அந்த ரீல் எங்கே?