இல்லை என்று எழுதித் தர ஓர் அதிகாரி வேண்டும்

வெளிநாட்டு ஆப்பிள் இறக்குபவர்கள் 2021 மார்ச் 1-ஐ அவ்வளவு சீக்கிரம் மறந்திருக்க மாட்டார்கள். அன்று முதல், இந்தியாவுக்குள் வரும் 24 வகை உணவுப் பயிர்களுக்கு, 'இது மரபணு மாற்றப்பட்ட பயிர் அல்ல. மரபணு மாற்றப்பட்ட எதுவும் இதில் கலக்கவும் இல்லை' என்று அனுப்பும் நாட்டின் அரசு சான்றளிக்க வேண்டும் என்றாகிவிட்டது. எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எனப்படும் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் உத்தரவு அது. 2020 ஆகஸ்டிலேயே வந்துவிட்டது. ஜனவரி 1 முதல் என்றார்கள், பிறகு இரண்டு மாதம் தள்ளிப் போட்டார்கள். தற்செயலாக ஒரு சதவீதம் வரை கலந்திருந்தால் பொறுத்துக்கொள்வார்கள்.

எங்களுடையது கோயம்பேட்டில் பழ மண்டி. அப்பா காலத்தில் காஷ்மீர், சிம்லா சரக்கு மட்டும்தான். கன்டெய்னரில் வெளிநாட்டு ஆப்பிள் இறக்க ஆரம்பித்தது நான் வந்த பிறகு. அதனால் வெளிநாட்டு மெயில், பேப்பர், போர்ட் எல்லாம் என் தலையில். அப்பா விலை மட்டும் பார்ப்பார்.

உத்தரவின் பிடிஎஃப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பியவர் எங்கள் கஸ்டம்ஸ் புரோக்கர். பட்டியலைப் படித்தபோது வேடிக்கையாக இருந்தது. சோயா, மக்காச்சோளம் இருப்பது புரிகிறது. ஆப்பிள், பிளம், அன்னாசி, பப்பாளி, ஆளி விதை, தட்டைப்பயறு, கத்தரிக்காய் வரை இருந்தன. உலகத்தில் எங்காவது ஒரு மூலையில் ஒரு ரகம் அனுமதி வாங்கியிருந்தால் அந்தப் பயிரைச் சேர்த்துவிட்டார்கள் போல. ஹவாய் தீவில் வைரஸைத் தாங்கும் பப்பாளி 1998-லேயே வந்துவிட்டது. பூச்சியைத் தாங்க மரபணு மாற்றிய பி.டி. கத்தரியை நாம் 2010-ல் நிறுத்தி வைத்தோம். பங்களாதேஷ் 2013-ல் அனுமதித்துவிட்டது. ஆப்பிளில் இருப்பது ஆர்க்டிக் என்ற பெயரில் விற்கும், வெட்டினால் கறுக்காத ஆப்பிள். 2015-ல் அமெரிக்காவும் கனடாவும் அனுமதித்தன. அதை வளர்ப்பது ஒரே ஒரு கம்பெனி, பெரும்பாலும் துண்டு போட்டுப் பாக்கெட்டில் விற்கிறார்கள். முழுப் பழமாகப் பெட்டியில் அடுக்கி கோயம்பேட்டுக்கு வருகிற சாதி இல்லை அது.

எங்களுக்குச் சரக்கு வருவது ஐரோப்பாவிலிருந்து. அங்கே வணிக ரீதியாகப் பயிரிடும் மரபணு மாற்றப் பயிர் ஒரே ஒரு மக்காச்சோள ரகம்தான், அதுவும் பெரும்பாலும் ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும். அதனால், இதில் என்ன சிக்கல் வரப்போகிறது, ஒரு லெட்டர் தந்துவிடுவார்கள் என்றுதான் எங்கள் ஏற்றுமதியாளரும் நினைத்தார். தந்தார்கள். கம்பெனி லெட்டர்ஹெட்டில், மேனேஜர் கையெழுத்தோடு, அழகான லோகோவோடு. அதை புரோக்கருக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது.

"தம்பி, இது வியாபாரி குடுக்குற லெட்டர். கவர்மென்ட் குடுக்கணும்னு போட்டிருக்கான் பாருங்க."

"அங்க எந்த கவர்மென்ட் ஆபீஸ்ணே?"

"அது அவங்கதான் சொல்லணும்."

அவர்களுக்கும் தெரியவில்லை. இந்த விவகாரத்தின் மையமே இதுதான் என்று பிறகு புரிந்தது. ஒரு பழத்தில் பூச்சி இல்லை என்று எழுதித் தர எல்லா நாட்டிலும் ஓர் அலுவலகம் இருக்கிறது. பயிர் நலச் சான்றிதழ், அதாவது நாம் ஃபைட்டோ என்று சொல்வது, பல பத்தாண்டுகளாக ஓடும் வண்டி. படிவம் உண்டு, கட்டணம் உண்டு, சீல் உண்டு. ஆனால் தங்கள் நாட்டில் யாரும் வளர்க்காத ஒன்று இந்தப் பெட்டியில் இல்லை என்று எழுதித் தர எந்த அலுவலகமும் உட்கார்ந்திருக்கவில்லை. ஃபைட்டோ கொடுப்பவர்களைக் கேட்டால், நாங்கள் பூச்சியையும் நோயையும்தான் பார்ப்போம் என்றார்கள். உணவுத் துறையைக் கேட்டால், ஆப்பிளுக்கா என்று சிரித்தார்களாம். அமெரிக்கா உள்படச் சில நாடுகள் உலக வர்த்தக அமைப்பில் இந்த உத்தரவுக்கு எதிராகக் கேள்வி எழுப்பியதும் ஏறக்குறைய இதே காரணத்துக்குத்தான்: மரபணு மாற்றப் பயிரை அனுமதித்த நாடு அதை ஆபத்தாகப் பார்க்கவில்லை, அனுமதிக்காத நாட்டில் அது இல்லவே இல்லை. யார் எதைச் சோதித்துச் சான்று தருவது?

இதற்கிடையே சரக்கு கிளம்பிவிட்டது. குளிரறையிலிருந்து எடுத்த ஆப்பிள் பேப்பருக்காகக் காத்திருக்காது. கப்பல் சென்னை வந்து சேர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும், அதற்குள் சான்றிதழ் வந்துவிடும் என்று கணக்கு. வந்தது, ஆனால் வந்த லட்சணம்தான் பிரச்சினை. வேளாண் அமைச்சகத்தின் முத்திரையோடு ஒரு பக்கக் கடிதம். 'எங்கள் நாட்டில் மரபணு மாற்றப்பட்ட ஆப்பிள் வணிக ரீதியாகப் பயிரிடப்படுவதில்லை.' அவ்வளவுதான். கன்டெய்னர் எண் இல்லை, எந்தத் தொகுப்புச் சரக்கு என்று காட்டும் லாட் எண் இல்லை, இன்வாய்ஸ் எண் இல்லை.

கன்டெய்னர் துறைமுகத்திலிருந்து மணலி பக்கம் இருந்த சி.எஃப்.எஸ்.ஸுக்கு, அதாவது கஸ்டம்ஸ் விடுவிக்கும் வரை கன்டெய்னர் நிற்கும் கிடங்குக்கு, வந்தது. ரீஃபர், அதாவது குளிரூட்டிய பெட்டி, கரன்ட் பிளக்கில் மாட்டி வைத்திருப்பார்கள், உள்ளே ஒரு டிகிரி. பிளக்குக்கு ஒரு வாடகை, இடத்துக்கு ஒரு வாடகை, இலவச நாள் முடிந்ததும் பெட்டிக்கு ஷிப்பிங் லைன் போடும் தாமதக் கட்டணமான டிடென்ஷன். பயிர்த் தனிமைப்படுத்தல் துறை வந்து பார்த்து, சாம்பிள் எடுத்து, விடுவித்துவிட்டது. உணவுப் பாதுகாப்புப் பக்கம் ஆன்லைனில் கேள்வி வந்து நின்றது: சான்றிதழ் இந்தச் சரக்குக்கு உரியது என்பதற்கு ஆதாரம் என்ன?

நியாயமான கேள்விதான். அந்த அதிகாரியிடம் நேரில் போய்ப் பேசினேன். முகம் சுளிக்காமல் உத்தரவை எடுத்து வைத்துக் காட்டினார். ஒவ்வொரு சரக்கோடும் வர வேண்டும் என்று இருக்கிறது. நாட்டைப் பற்றிய கடிதத்தை ஒரு பெட்டிக்குப் பொருத்த அவருக்கு அதிகாரம் இல்லை. பழத்தை லேபுக்கு அனுப்பிப் பார்த்துவிடலாமே என்று கேட்டேன். காலிஃபிளவரைத் தாக்கும் வைரஸிலிருந்து எடுத்த 35எஸ் என்ற துண்டு பல மரபணு மாற்றப் பயிர்களில் இருக்கும், பிசிஆர் என்ற மரபணுச் சோதனையில் அதைத் தேடுவார்கள் என்று படித்திருந்தேன். அவர் தலையாட்டினார். "லேப் ரிப்போர்ட் வேற, சர்டிஃபிகேட் வேற சார். ரிப்போர்ட் இருந்தாலும் சர்டிஃபிகேட் வேணும்."

இதில் எனக்கு வயிற்றெரிச்சல் எங்கே என்றால், அந்தப் பெட்டியில் பாதி பேரிக்காய். பேரிக்காய் பட்டியலிலேயே இல்லை. அதற்கு எந்தச் சான்றும் வேண்டாம். ஆனால் ஒரே பெட்டி, கஸ்டம்ஸில் கொடுக்கும் இறக்குமதிப் படிவமான பில் ஆஃப் என்ட்ரியும் ஒன்றே. ஆப்பிளோடு பயணம் செய்த பாவத்துக்கு அதுவும் உட்கார்ந்திருந்தது. மண்டியில் அப்பா தினமும் ஒரு கேள்வி கேட்பார், "பேரியையாவது எடுத்துட்டு வர முடியாதா?" முடியாது என்று சொல்லிச் சொல்லி எனக்கே சலித்துவிட்டது.

வழி பிறந்தது அந்தப் பக்கத்தில். ஏற்றுமதி கம்பெனியில் மெயில்களைக் கவனித்த பெண் கெட்டிக்காரி. அமைச்சகத்தில் விதைகளைக் கண்காணிக்கும் பிரிவு ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்தார். ஐரோப்பிய விதிகளுக்காக மக்காச்சோள விதையில் கலப்பு இருக்கிறதா என்று பார்ப்பவர்கள் அவர்கள். ஆப்பிள் அவர்கள் வேலை இல்லை, ஆனால் இந்தப் பேச்சு புரிகிற ஆட்கள். என்ன எழுத வேண்டும் என்று நானே வரைவு போட்டு அனுப்பினேன். மரபணு மாற்றப்பட்டது அல்ல, அப்படி எதுவும் கலக்கவும் இல்லை என்று உத்தரவில் இருக்கும் இரண்டு பகுதியையும் அப்படியே வைத்தேன். ஒன்று மட்டும் இருந்தால் மறுபடி கேள்வி வரும். கூடவே கன்டெய்னர் எண், லாட் எண்கள், இன்வாய்ஸ், தாவரப் பெயர். அந்தப் பக்கத்து அதிகாரி தோட்டங்களின் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அதிலும் ஒரு முடிச்சு. சான்றிதழின் தேதி, கப்பல் கிளம்பிய தேதிக்குப் பிந்தியது. ஏற்றிய பிறகு எப்படிச் சான்றளித்தார்கள் என்று இங்கே கேள்வி. கப்பல் கிளம்பிய பிறகு வழங்கப்பட்டது, இன்ன பதிவுகளின் அடிப்படையில் என்று ஒரு வரி சேர்த்து, திரும்ப முத்திரை குத்தி, ஸ்கேன் செய்து அனுப்பினார்கள். அசலை கூரியரில் தருவோம் என்று உறுதிக் கடிதம் எழுதிக் கொடுத்தோம். ஆட்சேபம் இல்லை என்ற என்.ஓ.சி. வந்தது. பெட்டியைத் திறந்தபோது பழம் நன்றாகத்தான் இருந்தது. பணம்தான் பிளக்கில் கரைந்திருந்தது.

அதே ஆண்டு ஆகஸ்டில் இன்னொரு செய்தி படித்தேன். கோழித் தீவன விலை எகிறியதால், மரபணு மாற்ற சோயாவின் எண்ணெய் எடுத்த புண்ணாக்கை 12 லட்சம் டன் இறக்கிக்கொள்ள மத்திய அரசு அனுமதித்தது. புண்ணாக்கில் உயிருள்ள, முளைக்கக்கூடிய எதுவும் இல்லை என்பது சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் நிலை. நாமக்கல், பல்லடம் பக்கத்துப் பண்ணைக்காரர்களின் கஷ்டம் எனக்குத் தெரியும், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் மாற்றாத ஆப்பிளுக்கு அலைந்த கையோடு, மாற்றிய சோயா வரலாம் என்ற செய்தியைப் படிக்கும்போது சிரிப்பு வரத்தான் செய்தது.

புதிதாக இறக்குபவர்களுக்கு நான் சொல்வது: விலை பேசும்போதே சான்றிதழை எந்த அலுவலகம் தரும், அதன் மாதிரி எங்கே என்று கேளுங்கள். மாதிரியை ஏற்றுவதற்கு முன் புரோக்கரிடம் காட்டுங்கள். தேதி, சரக்கை ஏற்றியதற்குக் கப்பல் கம்பெனி தரும் ரசீதான பில் ஆஃப் லேடிங்குக்கு முந்தியதாக இருக்கட்டும். பட்டியலில் உள்ளதையும் இல்லாததையும் ஒரே பெட்டியில் போட வேண்டாம்; கொஞ்சம் கூடுதலாகச் செலவானாலும் பேரிக்காயைத் தனியாகவே அனுப்பச் சொல்கிறோம் இப்போது.

இந்த சீசனில் ஒரு சூப்பர் மார்க்கெட்காரர் பிளம் கேட்டிருக்கிறார். பிளமும் பட்டியலில் உண்டு, அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஒரு ரகம் இருப்பதால். நாங்கள் வாங்கப்போவது வேறு நாட்டில், வேறு ஆளிடம். அவருக்குப் போட்ட முதல் மெயிலில் விலையே கேட்கவில்லை; உங்கள் ஊரில் இதற்குக் கையெழுத்துப் போடுவது யார் என்றுதான் கேட்டிருக்கிறேன். பதில் வரட்டும்.