ஐந்து பேர் வரைந்த ஐந்து மடிகள்

மூன்றாம் ஆண்டு இயந்திரவியலில் எங்களுக்கு வடிவமைப்புத் திட்டப்பணி என்று ஒரு பாடம். ஐந்து பேர் சேர்ந்து ஏதாவது ஒரு சிக்கலைக் கையில் எடுத்து, பருவம் முடிவதற்குள் மாதிரி செய்து காட்ட வேண்டும். நாங்கள் எடுத்தது மல்லிகை மொட்டுப் பறிக்கும் மடி.

மதுரை அருகே வலையங்குளம் பக்கத்துத் தோட்டங்களில் இருட்டோடு இருட்டாகப் பெண்கள் பறிக்க இறங்கிவிடுவார்கள். இடுப்பில் ஒரு துணியை மடியாகக் கட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் கிள்ளிக் கிள்ளி அதற்குள் போடுவார்கள். கூலி கிலோக் கணக்கில். ஒரு கிலோவுக்கு ஆயிரக்கணக்கில் மொட்டு வேண்டும் என்பதால் கை நிற்கவே நிற்காது. மடி நிறைய நிறைய அடியில் இருக்கும் மொட்டு நசுங்குகிறது, உடம்புச் சூட்டில் வெதும்புகிறது. இதைச் சரிசெய்வதாகச் சொல்லித்தான் கிளம்பினோம். 2013ல் மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததைத் திட்ட அறிக்கையின் முதல் வரியிலேயே பெருமையாக எழுதியும் வைத்தோம். அந்த வரியால் எங்களுக்கு எந்தப் பயனும் இல்லை.

முதல் வாரமே உசிலம்பட்டிக்காரன் கணினியில் ஒரு பெட்டியை வரைந்து கொண்டுவந்துவிட்டான். இடுப்பில் மாட்டும் பெட்டி. உள்ளே சின்ன மின்விசிறி, பின்பக்கம் பேட்டரி. திரையில் அதைச் சுழற்றிச் சுழற்றிக் காட்டினான். நிழல் விழுந்தது, திருகாணி பளபளத்தது. நான்கு பேரும் வாயைப் பிளந்தோம். வழிகாட்டிப் பேராசிரியர் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “இதற்காக நீங்கள் ஒதுக்கித் தள்ளிய மற்ற யோசனைகள் எங்கே?” எங்களிடம் ஒன்றுகூட இல்லை.

அடுத்த நாள் கேன்டீன் பக்கத்துப் புங்கமரத்தடியில் உட்கார்ந்து 6-3-5 முறையைச் செய்து பார்த்தோம். 1968ல் ஜெர்மனியில் பெர்ன்ட் ரோர்பாக் சொன்ன வழி அது. ஆறு பேர், ஆளுக்கு மூன்று யோசனை, ஐந்து நிமிடம். பிறகு தாளைப் பக்கத்தில் இருப்பவரிடம் தள்ளிவிட வேண்டும். அவர் அதைப் பார்த்து அதன்மேல் இன்னும் மூன்று போடுவார். வாயைத் திறக்கக் கூடாது என்பதுதான் இதில் முக்கியம். நாங்கள் ஐந்து பேர் என்பதால் ஐந்து தாள், ஐந்து சுற்று, மொத்தம் 75 கட்டங்கள். இருபத்தைந்து நிமிடத்தில் முடிந்தது. வாயாடி என்று பெயரெடுத்த திருமங்கலத்துக்காரி அதுவரை எந்தக் கூட்டத்திலும் நாங்கள் பேச இடம் விட்டதில்லை. அன்று அவளும் பேசவில்லை. எப்போதும் மூலையில் சும்மா இருக்கும் மேலூர்க்காரனின் கட்டங்கள்தான் நிரம்பி வழிந்தன.

தாள்களை வரிசையாகப் பரப்பி, காற்றில் பறக்காமல் இருக்கக் கல் வைத்தபோதுதான் விஷயம் தெரிந்தது. ‘மடி’ என்று அதுவரை பேசிக்கொண்டிருந்தோம். ஆளுக்கொரு மடியை மனதில் வைத்துக்கொண்டு தலையாட்டியிருக்கிறோம். உசிலம்பட்டிக்காரனுக்கு அது வயிற்றின் மேல் நிற்கும் பெட்டி. செல்லூர்க்காரிக்கு முந்தானை மாதிரி தொங்கும் துணி. மேலூர்க்காரன் இரண்டு இடுப்பிலும் இரண்டு பை வரைந்திருந்தான். திருமங்கலத்துக்காரியின் மடி முதுகுக்குப் போயிருந்தது. நான் வரைந்தது கங்காருப் பை. பேச்சில் அப்படி ஒரு ஒற்றுமை. காகிதத்தில் ஐந்து பேரும் ஐந்து ஊர். வரையாமலேயே இருந்திருந்தால் மாதிரி செய்யத் துணி வெட்டும் நாளில்தான் சண்டை வந்திருக்கும்.

வரைவதே ஒரு தனிப்பாடு. முதலாண்டில் மினி டிராஃப்டர் என்ற வரைகருவியைத் தூக்கிக்கொண்டு டவுன் பஸ்ஸில் இடிபட்டவர்கள் நாங்கள். முன்தோற்றம், மேல்தோற்றம், பக்கத்தோற்றம் எல்லாம் தெரியும். ஆனால் அளவுகோல் இல்லாமல் ஒரு கோடு இழுக்கச் சொன்னால் கை நடுங்குகிறது. நான் ஒரு நீள்வட்டத்துக்கு மூன்று நிமிடம் அழித்து அழித்து உட்கார்ந்திருந்தேன். செல்லூர்க்காரி என் பென்சிலையும் ரப்பரையும் பிடுங்கி வைத்துக்கொண்டு பேனாவைக் கொடுத்தாள். தப்பான கோட்டை அழிக்க வழியில்லை என்றதும் அதன் மேலேயே இன்னொரு கோடு போடப் பழகினேன். முதலில் மெலிதாக ஒரு பெட்டி, அதற்குள் பொருள், கடைசியில் வெளிவிளிம்பை மட்டும் அழுத்தி ஒரு இழுப்பு. அசையும் பாகம் இருந்தால் அம்புக்குறி. இன்னொரு சட்டமும் போட்டோம்: எந்தப் படத்திலும் ஒரு கையோ இடுப்போ கட்டாயம் இருக்க வேண்டும். அப்படிக் கை வரைந்த பிறகுதான் என் கங்காருப் பையின் வாய்க்குள் நான்கு விரல்கூட நுழையாது என்பது தெரிந்தது.

ஒரே மாதிரி இருந்தவற்றைக் கழித்தபின் முப்பத்தொன்று மிஞ்சின. அவற்றைப் பிரித்து ஒரு அட்டவணை போட்டோம். உடம்பில் எப்படி நிற்கிறது, வாய் எப்படி, நசுங்காமல் எப்படி, சூடு எப்படித் தணிகிறது, எப்படிக் கொட்டுவது என்று ஐந்து வரிசை. ஒவ்வொன்றுக்கும் நான்கு வழி. ஃபிரிட்ஸ் ஸ்விக்கி என்ற வானியலாளர் கொண்டுவந்த முறை இது. வரிசைக்கு ஒன்றாக எடுத்துக் கோத்தால் 1,024 சேர்க்கை வரும் என்று கணக்குப் போட்டு, அதை அறிக்கையில் தடித்த எழுத்தில் போட்டோம். உண்மையில் உருப்படியானவை ஆறுதான். கழுத்தில் தொங்கி முதுகில் கொட்டுவது போன்றவையெல்லாம் அந்த ஆயிரத்தில் அடக்கம்.

ஆறையும் ஸ்டூவர்ட் பியூ என்ற வடிவமைப்புப் பேராசிரியரின் ஒப்பீட்டு அட்டவணையில் வைத்தோம். இப்போது புழக்கத்தில் இருக்கும் பொருளை அளவுகோலாக வைத்து, ஒவ்வொரு யோசனையும் அதைவிட மேலா, கீழா, சமமா என்று கூட்டல், கழித்தல் குறி போட வேண்டும். எங்கள் அளவுகோல் அந்தப் பழைய துணி மடி. எடை, விலை, துவைத்துக் காயவைப்பது என்று பலவற்றில் துணி மடியே ஜெயித்தது. ஆறில் நான்கு கழித்தலில் முடிந்தன. மின்விசிறிப் பெட்டிதான் எல்லாவற்றுக்கும் அடியில். உசிலம்பட்டிக்காரன் அன்று மதியம் சாப்பிட வரவில்லை. என்னைக் கேட்டால் அந்த அட்டவணையின் கூட்டுத்தொகையை நம்பவே கூடாது. எந்தக் கட்டத்தில் கழித்தல் விழுந்தது என்பதைத்தான் பார்க்க வேண்டும். அவன் பெட்டிக்கு ‘நசுங்காது’ என்பதில் கூட்டல் இருந்தது. காரணம் விசிறி இல்லை, விறைப்பாகத் திறந்தே இருக்கும் வாய். அதைப் பிய்த்தெடுத்துச் செல்லூர்க்காரியின் துணி மடியில் வைத்தோம். வாயில் பிரம்பு வளையம், அடியில் அவிழ்த்துக் கொட்டச் சுருக்குக் கயிறு.

படங்களை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனோம். பறிப்பு முடிந்து வரப்பில் உட்கார்ந்திருந்த அக்கா ஒருவர் தாளை வாங்கி, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தலைகீழாகத் திருப்பினார். படம் புரியவில்லை போல என்று நினைத்து நான் நேராக்கப் போனேன். அவர் விடவில்லை.

“எனக்கு இப்படித்தானே தெரியும், தம்பி? இதில் வாயைக் காணோமே.”

நாங்கள் வரைந்தது அத்தனையும் எதிரில் நிற்பவர் கண்ணுக்குத் தெரியும் மடி. கட்டியிருப்பவர் குனிந்து பார்த்தால் தெரிவது வாய் மட்டும்தான்; அதுவும் இருட்டில் தெரியாது, கைதான் தேடும். மூன்று தோற்றங்களையும் மூன்று வருடம் மதிப்பெண்ணுக்காக வரைந்தவர்கள் மேல்தோற்றத்தை மறந்திருக்கிறோம். வரப்பிலேயே உட்கார்ந்து அவர் இடுப்புக்கு மேலிருந்து பார்ப்பதுபோல் திரும்ப வரைந்தோம். வளையம் வட்டமாக இருந்தால் வயிற்றில் இடிக்கும் என்பது அந்தப் படத்தில் ஒரு நொடியில் தெரிந்தது. வயிற்றுப் பக்கம் உள்வாங்கி, அவரைவிதை மாதிரி வளைந்தது வளையம். சூட்டுக்கு ஈரத்துணி உறை போடலாமா என்று கேட்டேன். “ஈரம் பட்ட மொட்டை யார் வாங்குவார்கள், பாப்பா இவனுக்குச் சொல்லு” என்று செல்லூர்க்காரியிடம் சொல்லிச் சிரித்தார். அந்த வரிசை முழுவதையும் அங்கேயே அடித்தோம்.

விளக்குத்தூண் பக்கம் துணி வாங்கி, செல்லூர்க்காரி வீட்டுத் தையல் இயந்திரத்தில் இரண்டு மடி தைத்தோம். மதிப்பீட்டு நாளில் வெளியிலிருந்து வந்தவர், கையால் வரைந்த படங்களைப் புரட்டிவிட்டு, கணினி வரைபடம் எங்கே என்று கேட்டார். உசிலம்பட்டிக்காரன் தயாராக வைத்திருந்தான். அதே திருகாணிப் பளபளப்பில் இப்போது ஒரு அவரைவிதை வளையம் சுழன்றது.

அறிக்கை கட்டக் கொடுப்பதற்கு முந்தின வாரம் திரும்பப் போய்ப் பார்த்தோம். வளையத்தை அக்கா வைத்துக்கொண்டிருந்தார். அடிக் கயிறு நடுவில் ஒரு நாள் அவிழ்ந்து மொட்டெல்லாம் செடிக்கடியில் கொட்டிவிட்டதாம். அந்த அடிவாயை ஊசி நூலால் தைத்து அடைத்திருந்தார். நாங்கள் கடைசிப் பக்கத்தில் கயிற்றை அடித்துவிட்டு, அவர் போட்ட தையலை அப்படியே வரைந்து வைத்தோம்.