மூன்று மணியா, ஏழு மணியா?

மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருளில், ஒரு டேபிளையே அழிக்கும் ‘டிராப் டேபிள்’ ஓடிவிட்டால், அதன்பிறகு செய்ததைத் திரும்பப் பெறும் ‘ரோல்பேக்’ அடித்துப் பயனில்லை. டிராப் அப்போதே கமிட், அதாவது நிரந்தரம், ஆகிவிடும். போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு தரவுத்தளத்தில், பல கட்டளைகளை ஒரே தொகுப்பாகக் கட்டும் டிரான்ஸாக்‌ஷனுக்குள் போட்டிருந்தால், கமிட் செய்யும்வரை திரும்பப் பெறலாம். ஆரக்கிள் தரவுத்தளத்தில் 10ஜி பதிப்பு முதல், அழித்த டேபிளை மீட்க ‘ரீசைக்கிள் பின்’னே உண்டு. சிங்கப்பூர் துவாஸ் கிடங்கின் டெலிவரிப் பதிவுகளை நாங்கள் வைத்திருந்ததோ மைஎஸ்கியூஎல்லில்.

டெஸ்ட் சர்வர் என்று நினைத்து லைவில், அதாவது நிஜப் பதிவுகள் இருந்த சர்வரில், டிராப்பைப் போட்டுவிட்ட தம்பி, “அண்ணே, ரெப்ளிகாவுல இருக்கும்ல?” என்று கேட்டார். எப்படி இருக்கும்? ரெப்ளிகா என்பது மூல சர்வரின் நகல் சர்வர். நல்லதோ கெட்டதோ, மூல சர்வரில் நடப்பதை அதுவும் உடனே செய்துவிடும். ரெப்ளிகாவைச் சில மணி நேரம் வேண்டுமென்றே பின்தங்க வைக்கும் வசதி மைஎஸ்கியூஎல் 5.6 பதிப்பிலிருந்தே இருக்கிறது. அதற்கென்று இன்னொரு சர்வரா என்று பட்ஜெட் கூட்டத்தில் அடிபட்டுப்போன யோசனை.

கையில் இருந்தவை அதிகாலை 2 மணி டம்ப்பும் (முழுத் தரவின் காப்புப் பிரதி), அதற்குப் பிறகு நடந்த மாற்றங்கள் பதிவாகியிருந்த பின்லாகும். தனி சர்வரில் டம்ப்பை ஏற்றி, அழிவுக்குச் சற்று முன்வரை பின்லாகை ஓட்ட வேண்டும். லைவிலேயே ஏற்றிவிடலாம் என்று ஒருவர் அவசரப்பட்டார். ஏற்றியிருந்தால் நன்றாக இருந்த மற்ற டேபிள்களும் அதிகாலைக்குப் போயிருக்கும். இப்படிப்பட்ட நேரத்தில் உதவ வருகிறவர்களின் கையைப் பிடித்து நிறுத்துவதே பாதி வேலை.

மீதிப் பாதி கடிகாரம். தம்பி சொன்னது பிற்பகல் 3 மணி. எங்கள் சர்வரின் கடிகாரமோ யூடிசி எனும் உலகப் பொது நேரம். சிங்கப்பூர் அதற்கு 8 மணி நேரம் முன்னால். பின்லாகைப் படிக்கும் கருவி, நாம் கொடுக்கும் நேரத்தைத் தான் ஓடும் கணினியின் நேரமாகவே எடுத்துக்கொள்ளும். எங்கள் சர்வரில் 15:00 வரை என்று கொடுத்தால் 07:00 மணி டிராப்பும் சேர்ந்து ஓடி, மீட்ட டேபிள் மறுபடியும் போய்விடும். 07:00 என்று கொடுத்தாலும் எனக்கு நிம்மதி இல்லை. ஒரே நொடிக்குள் எத்தனையோ பதிவுகள் விழுந்திருக்கும். அதனால் லாகில் டிராப் இருந்த இடத்தைத் தேடி, அதன் பொசிஷன் எண்ணுக்கு முன்னால் நிறுத்தினோம். அந்த ஒரு டேபிளை மட்டும் லைவுக்குக் கொண்டுவந்தோம்.

டம்ப் ஒழுங்காக ஏறியதே பெரிய விஷயம். 2017 ஜனவரி 31 அன்று, மென்பொருள் நிரல்களைச் சேமித்துவைக்கும் தளமான கிட்லேப் நிறுவனத்தில் தவறான சர்வரில் தரவு அழிக்கப்பட்டபோது, தரவுத்தளத்தின் பதிப்போடு பொருந்தாமல் அவர்களுடைய டம்ப் தோற்றுக்கொண்டிருந்தது தெரியவந்தது. எச்சரிக்கை மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. சுமார் 6 மணி நேரத்துக்கு முந்தைய ஸ்னாப்ஷாட்தான், அதாவது அந்த நேரத்து நிலையின் நகல்தான், கைகொடுத்தது. அதைப் படித்ததிலிருந்து எங்கள் டம்ப்பை அவ்வப்போது ஏற்றிப் பார்த்துவந்தேன். வேலை இல்லாதவன் என்று கேலியும் வாங்கியிருக்கிறேன்.

விசாரணை அறிக்கையில் தம்பியின் பெயர் வேண்டாம் என்றேன். எல்லா டெவலப்பருக்கும் லைவில் டிராப் உரிமையை வாரிக்கொடுத்தது அவரில்லையே. அந்த உரிமை மறுநாளே பறிக்கப்பட்டது.

நாங்கள் மீட்டுக்கொண்டிருந்த நேரத்தில் லாரிகள் நிற்கவில்லை. அப்போது நடந்த டெலிவரிகள் எந்த லாகிலும் கிடையாது. ஓட்டுநர்கள் கையெழுத்து வாங்கி வந்த டிஓ (டெலிவரி ஆர்டர்) தாள்களைக் கிடங்கு அலுவலக அக்கா ஒருவர் ஒவ்வொன்றாகப் பார்த்துக் கணினியில் அடித்து, அன்றிரவு டம்ப் ஓடுவதற்குள் முடித்துக் கொடுத்தார். அறிக்கையில் அவர் பெயரும் இல்லை. அதைச் சேர்க்கச் சொல்லியிருக்கலாம்.