தம்பி வீட்டுச் சுவரில் மூன்று கோடுகள்

போனில் பேசும்போதே தம்பியின் குரல் சரியில்லை. “அக்கா, கீழ்த்தளச் சுவர்ல மறுபடியும் வெடிப்பு விட்டிருக்கு. ரெண்டு தடவை பூசியாச்சு, நிக்கவே மாட்டேங்குது” என்றான். பூசியவர்கள் என்ன காரணம் சொன்னார்கள் என்று கேட்டேன். யாரும் எதுவும் சொல்லவில்லையாம்.

கட்டட வேலையில் பதினெட்டு வருடமாக இருக்கிறேன். எனக்கு ஆற்றாமையாக இருப்பது இந்த இடம்தான். பூச்சு வைத்துவிட்டால் விரிசலின் அகலம், ஓரம், உள்ளே படிந்த தூசி எல்லாம் மூடிப்போகும். காரணத்தைக் காட்டிக்கொடுக்கும் தடயங்களே அவைதான்.

மறுநாள் டார்ச், பென்சில், ஃபீலர் கேஜ் (இடைவெளியின் அகலம் அளக்கும் மெல்லிய தகடுகள்), நூல், தூக்குக்குண்டு, ட்யூப் லெவல் (மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாய்) எல்லாம் எடுத்துக்கொண்டு போனேன். தரைமட்டத்துக்குக் கீழே, மண்ணைத் தாங்கி நிற்கும் கான்கிரீட் சுவர் அது. 9 மீட்டர் நீளம், 2.4 மீட்டர் உயரம், கட்டி நான்கு வருடம். அதில் மூன்று கோடுகள் இருந்தன.

சுவரின் நடுவில் நேர்குத்தாக ஒன்று. கேஜில் 0.2 மில்லிமீட்டர் தகடு நுழைந்தது, 0.3 நுழையவில்லை. மேலிருந்து கீழ்வரை ஏறக்குறைய ஒரே அகலம். ஓரங்கள் மழுங்கி, உள்ளே பழைய பெயின்ட் இறங்கியிருந்தது. அதாவது, வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கும் முன்பே வந்த விரிசல். கான்கிரீட் காயும்போது சுருங்கும். 0.05 சதவீதம் சுருங்குகிறது என்று வைத்தாலும் 9 மீட்டருக்கு 4.5 மில்லிமீட்டர் கணக்கு வருகிறது. கீழே அஸ்திவாரம் பிடித்துக்கொண்டிருப்பதால் சுவரால் இஷ்டத்துக்குச் சுருங்க முடியாது, எங்காவது கீறல் விடும். ஈரமும் இல்லை. அதை அப்படியே விடச் சொன்னேன்.

தம்பி பயந்தது இரண்டாவது கோட்டைப் பார்த்துத்தான். நெஞ்சு உயரத்தில் படுக்கைவாட்டில் ஓடியது. அந்தப் பயம் நியாயமானது. வெளியே மண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டால் 2 மீட்டர் ஆழத்தில் தண்ணீரின் அழுத்தம் மட்டுமே சதுர மீட்டருக்கு 2 டன். களிமண் ஈரத்தில் ஊதினால் அதுவும் சேர்ந்து தள்ளும். சுவர் உள்பக்கம் வளைந்து, பாதி உயரத்தில் படுக்கையாக வெடிக்கும். அப்படியிருந்தால் அன்றைக்கே முட்டுக் கொடுக்கச் சொல்லியிருப்பேன்.

தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, நூலுக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளியை மேலே, நடுவே, கீழே என்று அளந்தேன். நான்கு இடத்தில் பார்த்தும் சுவர் வளையவில்லை. டார்ச்சைச் சுவரோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்ததும் விஷயம் புரிந்தது. கோடு நேராக இல்லாமல் அலை அலையாகப் போனது. அதற்கு மேலே கான்கிரீட்டின் நிறம் ஒன்று, கீழே வேறொன்று. கோட்டை ஒட்டி அங்கங்கே ஜல்லி பல்லிளித்துக்கொண்டிருந்தது. பாதியில் வேலை நின்று, கீழே போட்ட கான்கிரீட் இறுகிய பிறகு மேலே ஊற்றியிருக்கிறார்கள். இரண்டு பாகமும் ஒட்டவில்லை. கோட்டின் அடியில் பூத்திருந்த வெள்ளை உப்பு, அந்த வழியாகத் தண்ணீர் கசிவதைச் சொன்னது. சுத்தியலால் தட்டிப் பார்த்ததில் வெற்று ஓசை இல்லை, துருக் கறையும் இல்லை. அதனால் கம்பி துருப்பிடித்து ஊதிய வெடிப்பு அல்ல என்று முடிவு செய்தேன். கசிவை நிறுத்த, இடுக்கை அடைக்கும் பாலியூரித்தேன் பிசினைச் செலுத்தினால் போதும்.

மூன்றாவதுதான் இரண்டு தடவை பூசியும் நிற்காதது. வலது மூலைக்குக் கொஞ்சம் முன்னால் தரையில் தொடங்கி, மூலையைப் பார்த்துச் சாய்வாக ஏறியது. கீழே 0.5 மில்லிமீட்டர், மேலே 4 மில்லிமீட்டர். வைத்த பூச்சு இரண்டாகப் பிளந்திருந்தது. பிளந்த ஓரம் விரலைக் கீறும் அளவுக்குக் கூர்மையாக, தூசி படியாமல் வெளுப்பாக இருந்தது. இது புது விரிசல், இன்னும் நகர்கிறது.

சாய்ந்த விரிசலைப் பார்த்தால் நான் முதலில் செய்வது ஒன்று உண்டு. விரிசலுக்குச் செங்குத்தாக, கீழ்நோக்கி ஒரு கோடு கற்பனை செய்து பார்ப்பேன். பெரும்பாலும் அது நீளும் பக்கம்தான் இறங்கியிருக்கும். இங்கே அது வலது மூலையைக் காட்டியது. மேலே அகலம், கீழே குறுகல் என்பதும் மூலை இறங்குவதோடு பொருந்தியது. ட்யூப் லெவல் பிடித்தபோது அந்த மூலை 9 மில்லிமீட்டர் தாழ்வு. கான்கிரீட் ஊற்றப் பலகை கட்டிச் சென்ட்ரிங் அடித்தபோதே அவ்வளவு வித்தியாசம் இருந்திருக்கலாம், அதை மட்டும் நம்ப முடியாது. “மேல் ரூம் கதவு இடிக்குதா?” என்று கேட்டேன். போன மழைக்கு அப்புறம் சரியாகச் சாத்தவே முடியவில்லை என்றான். அந்த அறை இருப்பது அதே மூலைக்கு மேலே.

சரி, வெளியே போய்ப் பார்ப்போம் என்று போனோம். மொட்டைமாடித் தண்ணீர் இறங்கும் குழாயின் கடைசி முழங்கை உடைந்து, தண்ணீர் முழுக்க அந்த மூலையிலேயே கொட்டிக்கொண்டிருந்தது. மண் ஒரு கிண்ணம்போலக் குழிந்து கிடந்தது. கடப்பாரையை வெறுமனே ஊன்றினேன். முழங்கை நீளத்துக்கு இறங்கியது. எதிர் மூலையில் நான்கு விரல்கூட இறங்கவில்லை.

இத்தனை பொருந்தியும் அன்றைக்கு விரிசலை அடைக்க விடவில்லை. அசையும் விரிசலில் எபாக்சி (இறுகிப்போகும் பசை) வைத்தால் பக்கத்தில் இன்னொன்று வெடிக்கும். இரண்டு பக்கமும் ஒரு திருகாணி பதித்து, வெர்னியர் அளவுகோலில் அவற்றின் இடைவெளி எடுத்து, சுவரிலேயே தேதியோடு எழுதினேன். மாதம் ஒருமுறை, காலை ஒரே நேரத்தில் அளக்கச் சொன்னேன். வெயிலுக்கும் குளிருக்கும் ஏற்ப விரிசலின் அகலம் கொஞ்சம் மாறும். நேரத்தை மாற்றி மாற்றி அளந்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

முதல் மூன்று அளவுகள் 100.2, 100.5, 100.7 மில்லிமீட்டர். குழாய்க்கு உடனே ஆள் கிடைக்கவில்லை, மூன்றாவது அளவு எடுத்த வாரத்தில்தான் மாற்றினான். தண்ணீரை வீட்டை விட்டுத் தள்ளிக் கொண்டுபோய் விட்டு, குழிந்த மண்ணை இடித்து நிரப்பினான். அதற்குப் பிறகு 100.8, 100.8, 100.7, 100.8.

நேற்று போனில், “இப்ப அடைச்சிடலாமாக்கா?” என்று கேட்டான். இன்னும் ஒரு மழைக்காலம் போகட்டும் என்றேன். அப்போதும் எண் ஏறினால் மண்ணைப் பரிசோதித்து அஸ்திவாரத்தையே பலப்படுத்த வேண்டியிருக்கும். ஏறாவிட்டால் எபாக்சியை நானே நின்று போட வைக்கிறேன்.