சின்னத் தலைக்கும் ஹெல்மெட்

காலையில் வேலூர் கிரீன் சர்க்கிள் பக்கம் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனிக்காரர்கள் பந்தல் போட்டுப் பிள்ளைகளுக்கு இலவசமாக ஹெல்மெட் கொடுத்தார்கள்.

சும்மா கையில் திணித்து அனுப்பவில்லை.

ஒரு பெண் ஊழியர் மண்டியிட்டு, யூனிபார்ம் போட்ட சிறுமியின் தாடைக்கும் வாருக்கும் நடுவே விரலை விட்டுப் பார்த்தார். தளர்வு. இழுத்து மாட்டினார். "தலையை ஆட்டு பாப்பா." ஹெல்மெட் நகரவில்லை. அப்புறம்தான் அப்பாவின் வண்டியில் ஏற்றிவிட்டார்.

பைக்கில் போகும் நான்கு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஹெல்மெட் கட்டாயம் என்கிறது 2019 மோட்டார் வாகனச் சட்டத்திருத்தம். நம்மூரிலோ அப்பாவுக்கு ஹெல்மெட், டேங்க் மேல் உட்கார்ந்த பிள்ளைக்கு வெறும் தலை. பார்க்கவே பதறும்.

நல்ல லாபம் பார்க்கும் கம்பெனிகள் அதில் 2 சதவீதம் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்பது 2013 கம்பெனிச் சட்டம். மேடைக்கும் பேனருக்கும் போகாமல் அந்தப் பணம் இப்படிப் போகட்டும்.

குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கமும் வாங்க.