ரெசொலூஷன் 1.4 என்று மட்டும் எழுதினால் மாட்டிக்கொள்வீர்கள்

ஆய்வறிக்கை ஒருவழியாகக் கரை சேர்ந்துவிட்டது. ஆனால் வலையமைப்பை எவ்வளவு நுணுக்கமாகக் குழுக்களாகப் பிரிப்பது என்று மென்பொருளுக்குச் சொல்லும் ரெசொலூஷன் என்ற ஒரேயொரு எண்ணுக்காக இவ்வளவு இழுபட்டோமே என்ற எரிச்சல் இன்னும் போகவில்லை.

திருகோணமலைக் கரையில் குச்சவெளியிலிருந்து மூதூர் வரை எந்தப் போட் எந்த முதலாளிக்கு மீன் கொடுக்கிறது என்று பார்த்து, அதில் இயல்பாக உருவாகும் குழுக்களைக் கண்டுபிடிப்பதுதான் வேலை. தரவு கேட்டுப் போன கந்தோரில், "பிள்ளை, கடிதத்தில சீல் தெளிவில்லை, மாத்திக்கொண்டு வாங்கோ" என்றார்கள். தெளிவான சீலோடு போனால் கையெழுத்து வைக்கிற ஐயா கொழும்பில். சரி என்று விட்டுவிட்டு முதலாளிமாரின் கொப்பிகளைப் பார்த்தே எழுதிக்கொண்டேன். பெயர்களை ஒழுங்காக்கத் தனியாக நேரம் ஒதுக்குங்கள். ஒரே ஆள் ஒரு கொப்பியில் ரஹீம், அடுத்ததில் றகீம், சிங்களத் துண்டில் வெறும் முதலெழுத்து.

ஒரே முதலாளிக்குக் கொடுக்கும் போட்களை ஒன்றோடொன்று இணைத்தால் இன்னொரு சிக்கல் வரும். 40 போட் வைத்திருக்கும் முதலாளி ஒருவரே 780 இணைப்பை உண்டாக்கிவிடுவார், மற்றவர்கள் எல்லாரும் அதற்குள் அமுங்கிப் போவார்கள். வலையமைப்பு ஆய்வாளர் நியூமன் 2001இல் சொன்னபடி, ஒவ்வொரு இணைப்பின் எடையையும், அதாவது அதன் பலத்தைச் சொல்லும் எண்ணையும், அந்த முதலாளியின் போட் எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்து வரும் எண்ணால் வகுத்துவிட்டால் இது அடங்கும்.

குழு பிரிக்கும் அல்கோரிதங்களில் முதலில் லூவேன். 2008இல் பெல்ஜியத்தில் வந்தது, எல்லாரும் பாவிப்பது. ஒவ்வொரு முறையும் வேறு வேறு விடை தரலாம், அது தெரிந்ததுதான், அதே விடையைத் திரும்பப் பெற உதவும் சீட் என்ற தொடக்க எண்ணைக் குறித்து வையுங்கள். எனக்குத் தலை சுற்றியது வேறு இடத்தில்: ஒரு குழுவுக்குள் பாதிக்கும் மீதிக்கும் இடையில் ஓர் இணைப்புக்கூட இல்லை. கோப்பு பழுதாகிவிட்டதோ என்று திரும்பத் திரும்பப் பார்த்தேன். கோப்பில் ஒன்றுமில்லை, லூவேன் அப்படிச் செய்யக்கூடியதுதான். அதைச் சரிசெய்யத்தான் 2019இல் லைடன் முறை வந்தது, அதில் ஒரு குழு உள்ளுக்குள் துண்டாகாது.

ஐகிராஃப் என்ற மென்பொருள் பொதியில் லைடனை ஓடவிட்டால் ஏறக்குறைய ஒவ்வொரு போட்டும் தனித்தனிக் குழுவாக நிற்கிறது! நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் அது குழுப் பிரிப்பு எவ்வளவு நன்று என்று அளக்கும் வழக்கமான மொடியூலரிட்டியை எடுக்காமல் சிபிஎம் என்ற வேறு அளவையை எடுத்துக்கொள்கிறது, ரெசொலூஷனும் 1. அந்த அளவையில் 1 என்பது மிகக் கடுமையான வரம்பு, எடைகள் 1க்குக் கீழே கிடந்தால் எதுவுமே ஒட்டாது. மொடியூலரிட்டி என்று எழுதிக் கேளுங்கள்.

அப்புறம்தான் உண்மையான தலையிடி. சிலாபம், நீர்கொழும்புப் பக்கமிருந்து பருவத்துக்கு வந்து வாடி (கரையில் தற்காலிகக் குடிசை) போடுபவர்கள் சிறிய கூட்டம், தங்களுக்கென்று தனி முதலாளி. அல்கோரிதம் அவர்களைக் குச்சவெளிக் குழுவுக்குள் கரைத்துவிட்டது. வலையமைப்பு பெரிதானால் மொடியூலரிட்டி சிறு குழுக்களை விழுங்கும் என்று ஃபோர்ச்சுனாட்டோவும் பார்த்தெலமியும் 2007இலேயே காட்டியதுதான் இது. ரெசொலூஷனை 1.4 ஆக்கினேன், வாடிக்காரர் பிரிந்து வந்தார்கள். வெவ்வேறு சீட் போட்டும், எண்ணைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்தும் பார்த்தேன், அவர்கள் அசையவில்லை. வேலை முடிந்தது என்று கொடுத்துவிட்டேன்.

பரிசோதகர் என் கோப்பை ஜெஃபி என்ற வேறொரு மென்பொருளில் திறந்து, அதே 1.4ஐப் போட்டிருக்கிறார். குழுக்கள் கூடுவதற்குப் பதிலாகக் குறைந்திருக்கின்றன. "முடிவுகளை மீளப் பெற முடியவில்லை" என்று சிவப்பில் ஒரு வரி, கூடவே ஒரு பக்கம் புத்திமதி.

விஷயம் என்னவென்றால், ஐகிராஃபிலும் நெட்வேர்க்எக்ஸ் என்ற பைதன் பொதியிலும் எண்ணைக் கூட்டினால் குழுக்கள் சிறிதாகிப் பெருகும், ஜெஃபியில் நேரெதிர். பைதன்-லூவேன் என்ற பழைய பொதியும் ஜெஃபி கட்சிதான். சூத்திரத்தை எழுதிப் பார்த்தால் ஒன்று மற்றதன் தலைகீழ், அதாவது 1ஐ 1.4ஆல் வகுத்து வரும் எண்ணை ஜெஃபியில் போட வேண்டும். இதை எந்த வழிகாட்டியும் முன்பக்கத்தில் சொல்வதில்லை.

நீண்ட விளக்கம் எழுதி, அதை அழித்துவிட்டு, ஒரு வரி மட்டும் அனுப்பினேன்: "ஐயா, ஜெஃபியில் எடைகளைப் பாவிக்கும் பெட்டியில் சரி அடையாளம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, 0.71 போட்டுப் பாருங்கள்." வாடிக்காரர் அங்கேயும் தனியாக வந்திருக்க வேண்டும், ஏனென்றால் அடுத்து வந்த திருத்தத்தில் ரெசொலூஷன் பற்றி ஒரு சொல்லும் இல்லை, இடது ஓரத்தை ஒன்றரை அங்குலம் ஆக்கச் சொல்லி மட்டும் இருந்தது.