கச்சான் காற்றும் கான்கிரீட் வில்லைகளும்

ஜூன் 5, 2025, வியாழன்

காலையிலிருந்து வைர பிளேடு ஓயவில்லை. தூத்துக்குடியில் கடலுக்குப் பக்கத்தில் எழும்பும் ஒரு கிடங்கின் தளத்துக்குப் போட்ட அதே கலவையில் வார்த்த சிலிண்டர்கள். விட்டம் 100 மி.மீ., உயரம் 200 மி.மீ. பாதி, 28 நாளும் நம் லேப் தொட்டியில் மூழ்கிக் கிடந்தவை. மீதி, அச்சைக் கழற்றாமல் தளத்தோடு தளமாக வெயிலில் நின்றவை. அவற்றின் மேல்முகம் மட்டும் காற்றுக்குத் திறந்திருந்தது. மூன்று நாள் தண்ணீர் தெளித்ததோடு சரி.

நசுக்கிப் பலம் பார்க்க வார்த்த க்யூப் (கனசதுரக் கட்டி) எல்லாம் பாஸ். பிறகு எதற்கு இந்தக் கூத்து என்று காண்ட்ராக்டர் தரப்பில் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். க்யூபை நசுக்கும்போது முழுக் கட்டியின் பலம் தெரிகிறது. உப்புத் தண்ணீர் நுழைவது தோல் வழியாக. கம்பி இருப்பதும் அந்தத் தோலுக்குக் கீழேதான்; கான்கிரீட்டுக்கான இந்திய விதிநூல் ஐஎஸ் 456 கடலோரத்துக்குக் கேட்கும் கவர், அதாவது கம்பியை மூடும் கான்கிரீட்டின் கனம், 45 மி.மீ. அந்த 45 மி.மீ. எப்படி இருக்கிறது என்று க்யூப் சொல்லாது. அதனால்தான் சிலிண்டரை வெட்டி, தோலும் உள்ளும் எவ்வளவு வேகமாகத் தண்ணீரை உறிஞ்சுகின்றன என்று அளக்கப் போகிறோம்.

ஒவ்வொரு சிலிண்டரிலும் இரண்டு வில்லை, 50 மி.மீ. கனம். கரணை போட்டுத் தேய்த்த முகத்தோடு மேல்வில்லை. வயிற்றுப் பகுதியிலிருந்து நடுவில்லை. மார்க்கரில் தொ-மே, தொ-ந, வெ-மே, வெ-ந என்று எழுதியாயிற்று. தொ என்றால் தொட்டி, வெ என்றால் வெயில்.

ஜூன் 6, வெள்ளி

உறிஞ்சும் வேகத்தை அளக்கும் அமெரிக்கத் தரமுறை ஏஎஸ்டிஎம் சி1585. அதில் முக்கால்வாசி வேலை காத்திருப்பதுதான். உறிஞ்சும் வேகம், உள்ளே ஏற்கெனவே எவ்வளவு ஈரம் இருக்கிறது என்பதைப் பொறுத்தே மாறும். தொட்டியிலிருந்து எடுத்ததையும் வெயிலில் நின்றதையும் அப்படியே தண்ணீரில் வைத்தால் நாம் அளப்பது கான்கிரீட்டை இல்லை, போன வாரத்து வானிலையை. அதனால் எல்லா வில்லையையும் ஒரே நிலைக்குக் கொண்டுவர வேண்டும்: 50 டிகிரி, 80 சதவீத ஈரப்பதம், மூன்று நாள். டெசிக்கேட்டருக்குள் (காற்றுப் புகாமல் மூடும் பாத்திரம்) பொட்டாசியம் புரோமைடை அடியில் கொஞ்சம் கரையாமல் தங்கும் அளவுக்குக் கரைத்து வைத்து, டெசிக்கேட்டரையே ஓவனுக்குள் வைத்துவிட்டால், ஈரப்பதத்தை அந்த உப்பே பார்த்துக்கொள்ளும்.

மொத்த உறிஞ்சலுக்கான வேறு துண்டுகள் பக்கத்து ஓவனில் 105 டிகிரியில் காய்கின்றன. அந்தச் சூட்டில் சிமென்ட் பசைக்குள் இருக்கும் எட்ரிங்கைட் படிகமே தன் நீரை இழந்து சிதையும், நுண்விரிசலும் விழும். மொத்தக் கணக்குக்கு அது பரவாயில்லை. வேகத்தை அளக்க நினைப்பவர் அதைச் செய்யக்கூடாது.

ஜூன் 9, திங்கள்

மூன்று நாள் முடிந்தது. வில்லைகளைத் தனித்தனி டப்பாவில் போட்டு மூடியாயிற்று. குறைந்தது 15 நாள் இப்படியே. ஓரத்தில் காய்ந்து நடுவில் ஈரமாக இருப்பது, உள்ளே தானாகப் பரவிச் சமமாக வேண்டும். அதுவரை தொடக்கூடாது.

ஜூன் 14, சனி

மொத்த உறிஞ்சல் முடிவு வந்தது. காய்ந்த எடை, தண்ணீரில் 48 மணி நேரம் ஊறிய எடை, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், சதவீதம். தொட்டித் துண்டுகள் சராசரி 5.2, வெயில் துண்டுகள் 5.7.

இதைப் பார்த்தால் யாரும் கவலைப்பட மாட்டார்கள். பேவர் பிளாக்குக்கே ஐஎஸ் 15658 சராசரி 6 சதவீதம் வரை விடுகிறது. சாதாரணச் செங்கலுக்கு 20. பெரும்பாலான ரிப்போர்ட்டுகள் இந்த எண்ணோடு நின்றுவிடும். எனக்கு அதில்தான் சங்கடம். ஒரு துண்டில் மொத்தம் எவ்வளவு துளை என்று அது சொல்கிறது. துளைகள் ஒன்றோடொன்று கோத்திருக்கின்றனவா, அறுபட்டிருக்கின்றனவா என்று சொல்வதில்லை. தோலின் கேட்டை நடுப்பகுதியின் நல்ல கான்கிரீட்டோடு சேர்த்துச் சராசரியாக்கி மறைத்தும் விடுகிறது.

அறுபடுவதற்கு நாள் வேண்டும்; ஈரம் இருக்கும்வரைதான் சிமென்ட் வளர்ந்து துளைகளை அடைக்கும். சிமென்ட் ஆய்வாளர் பவர்ஸும் சகாக்களும் 1959இல் போட்ட கணக்கு இன்றும் பாடத்தில் இருக்கிறது: தண்ணீர்–சிமென்ட் விகிதம் 0.40 என்றால் மூன்று நாள் நனைப்பில் நுண்குழல்கள் அறுபடும், 0.45க்கு ஏழு நாள், 0.50க்கு 14 நாள், 0.60க்கு ஆறு மாதம், 0.70ஐத் தாண்டினால் என்றைக்குமே இல்லை. இந்தக் கலவை 0.45. ஏழு நாள் கேட்கிற கலவைக்கு மூன்று நாள் கொடுத்திருக்கிறோம், அதுவும் மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்றில். ஆனி மாதக் கச்சானில் கொடியில் போட்ட வேட்டி காய எவ்வளவு நேரம் ஆகும் என்று ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஜூன் 24, செவ்வாய்

டப்பா திறந்தாயிற்று. பக்கவாட்டில் எபாக்ஸி பூசி, மேல் பக்கத்தில் பிளாஸ்டிக் தாள் போர்த்தி ரப்பர் பேண்ட் போட்டேன். தண்ணீர் அடிமுகம் வழியாக மட்டுமே ஏற வேண்டும். மேலே ஆவியாகவும் கூடாது. மேல்வில்லைகளைக் கவிழ்த்து வைக்க வேண்டும், கரணை பட்ட முகம் தண்ணீருக்குள்.

ஜூன் 25, புதன்

தட்டில் சின்னத் தாங்கிகள். தாங்கியின் தலைக்கு மேல் தண்ணீர் 1 முதல் 3 மி.மீ. வரைதான் நிற்கலாம். வில்லை மூழ்கவே கூடாது, அடி மட்டும் நனைய வேண்டும்.

முதல் எடை 60ஆவது விநாடியில். பிறகு 5, 10, 20, 30, 60 நிமிடம். அதன்பின் மணிக்கொன்றாக ஆறு மணி நேரம் வரை. ஒவ்வொரு முறையும் எடுக்கணும், ஈரத்துணியால் ஒற்றணும், நனைந்த முகம் மேலாகத் திருப்பித் தராசில் வைக்கணும், எண்ணைப் படிக்கணும், எல்லாம் 15 விநாடிக்குள். காய்ந்த துணியால் துடைத்தால் துளைக்குள் இருக்கும் தண்ணீரையும் அது இழுத்துவிடும். சொட்டச் சொட்ட நனைந்த துணி, தன் தண்ணீரைக் கல்லில் விட்டுவிடும். பிழிந்த பருத்தித் துணிதான் சரி. நான்கு வில்லைக்கும் தொடக்க நேரத்தைத் தள்ளித் தள்ளி வைத்துக்கொண்டதால் சமாளிக்க முடிந்தது.

ஜன்னல் வழியே கச்சான் அடித்ததில் தராசின் இரண்டாவது தசமம் நிலைகொள்ளாமல் ஆடியது. ஜன்னலை அடைத்து, மின்விசிறியையும் நிறுத்தி, வேர்வையோடு உட்கார்ந்திருந்தோம். மேஸ்திரி அண்ணாச்சி பதினோரு மணிக்கு வந்தவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “என்ன தம்பி, கல்லுக்குப் பால் குடுக்கியளா?” என்றார். பிறகு போகவே இல்லை. வெ-மே வில்லை தராசுக்கு வரும்போதெல்லாம் எட்டிப் பார்த்தார். அந்தத் தளத்தைத் தேய்த்த கை அவருடையது.

முதல் நிமிடத்தில் தொ-மே 0.5 கிராம் கூடியது, வெ-மே 1.3 கிராம். ஆறாவது மணியில் தொ-மே 4.8, தொ-ந 4.1. வெயில் ஜோடியில் நடுவில்லை 5.6, மேல்வில்லை 12.9.

ஒரே சிலிண்டரின் இரண்டு துண்டுகள், ஒரே சிமென்ட், ஒரே எம் சாண்ட். வார்த்த கான்கிரீட்டிலிருந்து மேலே எழும்பும் கசிவுநீரால் மேல்முகம் எப்போதும் கொஞ்சம் பலவீனம்தான். தொட்டி ஜோடியில் உள்ள 4.1க்கும் 4.8க்கும் இடையிலான வித்தியாசம் பெரும்பாலும் அதுதான். வெயில் ஜோடியின் வித்தியாசத்தில் பெரும்பங்கு தண்ணீர் கிடைக்காமல் பாதியில் நின்றுபோன சிமென்டுடையது.

ஜூன் 27, வெள்ளி

நாளுக்கு ஓர் எடை. வேறு விசேஷம் இல்லை.

ஜூலை 3, வியாழன்

கடைசி எடை எடுத்து வரைபடமும் போட்டாயிற்று. கூடிய எடையை வில்லையின் பரப்பால் வகுத்தால் உயரமாகிவிடும்: 100 மி.மீ. விட்டத்துக்கு 7.85 கிராம் என்றால் 1 மி.மீ. தண்ணீர். கீழ்அச்சில் நேரத்தை வைக்காமல் நேரத்தின் வர்க்கமூலத்தை வைக்க வேண்டும். அப்போதுதான் புள்ளிகள் நேர்கோட்டில் வரும். ஏறிய தூரம் கூடக் கூட, குழலின் சுவர் தடுக்கும் தடையும் கூடுகிறது. ஆகவே நாலு மடங்கு நேரத்துக்கு இரண்டு மடங்கு உயரம்தான். இந்தக் கோட்டின் சரிவுதான் சார்ப்டிவிட்டி. இந்த அளவு மண்ணிலிருந்து வந்தது. ஜே. ஆர். பிலிப் என்ற மண் இயற்பியலாளர் 1957இல் நிலத்தில் நீர் இறங்குவதை ஆராய்ந்தபோது வைத்த பெயர். கட்டுமானக்காரர்கள் பின்னால்தான் எடுத்துக்கொண்டார்கள்.

முதல் ஆறு மணி நேரத்துக் கோட்டின் சரிவு: தொ-மே 0.0039, வெ-மே 0.0106 (விநாடியின் வர்க்கமூலத்துக்கு மி.மீ.). இரண்டரை மடங்குக்கு மேல். மொத்த உறிஞ்சலில் அரை சதவீதமாகத் தெரிந்த அதே வித்தியாசம்தான் இது. ஒரு நாளுக்குப் பிறகு கோடு வளைந்து மெதுவாகிறது. நுண்குழல்கள் நிறைந்தபின் பெரிய துளைகளில் சிக்கிய காற்று தண்ணீரில் கரைந்து வெளியேறினால்தான் மேற்கொண்டு இடம்.

ஜூலை 5, சனி

பூச்சுச் சாந்துக்கு இவ்வளவு பாடு இல்லை. 40×40×160 மி.மீ. பட்டையை இரண்டாக உடைத்து, உடைந்த முகத்தைத் தண்ணீரில் நிறுத்தி, 10ஆவது நிமிடமும் 90ஆவது நிமிடமும் எடை. இரண்டுக்கும் உள்ள கிராம் வித்தியாசத்தைப் பத்தால் வகுத்தால் விடை. பரப்பும் வர்க்கமூலமும் சேர்ந்து ஏறத்தாழ சரியாகப் பத்து வரும்படி அந்த ஐரோப்பிய முறையை அமைத்தவருக்கு ஒரு கும்பிடு. 1:6 சாந்து 1:4ஐ விட வேகமாகக் குடித்தது, எதிர்பார்த்ததுதான்.

பிற்பகல் கிடங்குக்குப் போய்ச் சுவர் எவ்வளவு தண்ணீரை இழுக்கிறது என்று காட்டும் கார்ஸ்டன் குழாயைச் சுவரில் ஒட்டினோம். அதில் 10 செ.மீ. தண்ணீர் நின்றால், மணிக்கு 145 கி.மீ. காற்று சுவரில் மோதும் அழுத்தத்துக்குக் கிட்டத்தட்டச் சமம். மேற்குச் சுவரில் மட்டம் கண்ணெதிரே இறங்கியது. நிழல் விழும் கிழக்குச் சுவரில் அசையக் காணோம்.

ரிப்போர்ட்டில் மூன்று வரிதான் எழுதினேன்: மேல்முகத்தின் வேகம், நடுவின் வேகம், நனைப்பு நாள்கள். ஐஎஸ் 456 இந்த மாதிரி வறண்ட வெக்கைக்குப் பத்து நாளுக்குக் குறையாமல் நனைக்கச் சொல்கிறது, கலப்புச் சிமென்டுக்கு 14.

“சொல்லுதது சரிதான் தம்பி. லாரித் தண்ணிக்கு யார் துட்டு குடுப்பா? போர்த் தண்ணி உப்பு,” என்றார் அண்ணாச்சி. உப்புத் தண்ணீரைத் தெளித்துவிட்டு உப்பு நுழையுமா என்று அளப்பதில் அர்த்தமில்லை என்பதால் நானும் போர்த் தண்ணீரைச் சொல்லவில்லை. அடுத்த தளத்தில் மூன்று கட்டமாகப் பிரிப்பதாகப் பேச்சு: ஒன்றில் ஈரச்சாக்கு, ஒன்றில் சாக்கின் மேல் பிளாஸ்டிக் தாள், ஒன்றில் ஈரம் ஆவியாகாமல் தடுக்கத் தெளிக்கும் கியூரிங் காம்பவுண்ட். எது எத்தனை லிட்டர் குடித்தது என்று அண்ணாச்சி கணக்கு வைப்பார். வில்லை வெட்டுவது என் பாடு. பொட்டாசியம் புரோமைடு தீர்ந்துகொண்டிருக்கிறது, திங்கட்கிழமை ஆர்டர் போடணும்.